சித்தப்பா தோண்டும் சுரங்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், நீ அங்கே முழுச் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அப்பா எழுதச் சொல்கிறார். ஓரளவு என்று போட்டால் பிள்ளை பயந்துவிடுவான் என்று அம்மா சொல்கிறாள், பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுதக் கூடாது என்று அப்பா சொல்கிறார், அதனால் அப்படியே விட்டுவிட்டேன். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அவருடைய வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. மணிக்கட்டும் சுண்டுவிரலும்தான், கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ பதறாதே. கை எப்படி உடைந்தது என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் நீ சித்தப்பா பக்கம் சாய்ந்துவிடுவாயாம், ஆகவே நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்கிறார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே திருத்துகிறாள், நான் இரண்டு பேர் சொல்வதையும் எழுதுகிறேன். முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் என்னைக் கேட்காதே.

நீ புறப்பட்டுப் போன கொஞ்ச நாளிலேயே, நம் வீட்டையும் சித்தப்பா வீட்டையும் பிரிக்கும் நடுச்சுவரில் இருக்கிற குட்டிக் கதவைச் சித்தப்பா தன் பக்கம் தாழ் போட்டுவிட்டார். அந்தக் கதவுக்கு அப்பா வைத்த பெயர் உனக்கு மறந்திருக்காது, திட்டிவாசல். கோட்டையின் பெரிய கதவுக்குள்ளேயே ஒரே ஒரு ஆள் குனிந்து நுழைகிற மாதிரி வைத்திருப்பார்களே, அதன் பெயர். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டும்போது அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார், எத்தனையோ கோட்டைகள் சுவர் இடிந்து விழவில்லை, உள்ளே இருந்த ஒருவன் இதைத் திறந்துவிட்டதால் விழுந்தன என்பார். அதே தாழ்ந்த குரலில் அன்றைக்கு அம்மாவிடம், "கதவைச் சாத்திட்டான் பாத்தியா" என்றார். காற்று அடிக்கிறது, சாத்தியிருப்பார் என்று அம்மா சொன்னாள். "காத்துக்கு யாராவது தாழ்ப்பாள் போடுவாங்களா" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். அதுவரை நினைத்த நேரத்துக்கு அந்தக் கதவு வழியாக வந்து நூல் கண்டு கேட்கிற சித்தி இப்போது தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனாள். உட்காரச் சொன்னால் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்றாள். எந்த நேரமும் அடுப்பில் பால் இருக்க அவர்கள் என்ன பால் பண்ணையா வைத்திருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார்.

பிறகு ஒரு நாள் சித்தப்பா தள்ளுவண்டியில் சாக்குப் போர்த்தி எதையோ கொண்டுவந்து இறக்கினார். காற்றில் சாக்கு விலகியபோது அப்பா பார்த்துவிட்டார், தடித் தடியான மரக்கட்டைகள். அடுத்த வாரத்திலிருந்து அந்த வீட்டில் பகலெல்லாம் தும் தும் என்று அமுக்கமாக ஒரு சத்தம். ஜன்னலில் பழைய மெத்தையை மாட்டியிருந்தார்கள். காலையில் சித்தி முதுகில் மூட்டை சுமந்துகொண்டு போய்த் தெருக்கோடியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். கட்டை, சத்தம், மூட்டை. அப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. வடக்குக் கொத்தளத்தின் அடியில் நின்று அவர் சொல்கிற பாடத்தை நீயும் நானும் எத்தனை முறை கேட்டிருப்போம். ஏணி வைத்து ஏற முடியாதவன், அகழியை விறகுக் கட்டுகளால் தூர்த்தும் கதவை முட்ட முடியாதவன், கடைசியில் சுவருக்கு அடியில் போவான். தூரத்திலிருந்தே சுரங்கம் தோண்டிக்கொண்டு வந்து அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை எடுத்துவிட்டு, சுவர் உடனே இறங்கிவிடாதபடி மரத்தூண்களால் முட்டுக்கொடுப்பான். எல்லாம் தயாரானதும் சுள்ளியும் கொழுப்பும் திணித்துத் தூண்களுக்குத் தீ வைத்துவிட்டு ஓடிவிடுவான். தூண் எரிந்து சாய்ந்ததும் சுவர் தன் எடையாலேயே உட்கார்ந்துவிடும். கல்லை உடைப்பதைவிட மண்ணை எடுப்பது சுலபம் என்று முடிப்பார். இதையேதான் அம்மாவிடமும் முடித்தார், கொத்தளத்துக்குப் பதிலாக நம் சாமான் அறையைக் காட்டினார்.

அம்மா முதலில் சிரித்தாள். ஆனால் அப்பா சொன்ன காரணத்தைக் கேட்டதும் அவளுக்கும் கொஞ்சம் பயம் வந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறாள், இல்லை, ஒப்புக்கொள்ளவில்லையாம், எழுதாதே என்கிறாள். நம் இரண்டு வீடுகளும் கோட்டைச் சுவரின் உள்பக்கத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, சுவர் ஓரத்தில் தோண்டுகிறவர்களும் இயந்திரம் ஓட்டுகிறவர்களும் உடனே வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கோட்டை அலுவலகம் நம்மை இருக்க விட்டிருக்கிறது, அதைக் கண்காணிக்கிற காவலரே அப்பாதான். நம் பக்கத்துச் சாமான் அறை இடிந்தால் காவலரே சுவரைக் கெடுத்தார் என்று நம்மை அனுப்பிவிட்டு முழு வீட்டையும் தம்பிக்குக் கொடுத்துவிடுவார்கள், இதுதான் அவன் கணக்கு என்றார் அப்பா. அப்படியானால் போய் நேரே கேளுங்கள் என்று அம்மா சொன்னாள். "முற்றுகை போடுறவன்கிட்டயே போய் முற்றுகையான்னு கேட்பாங்களா" என்றார்.

கேட்கவில்லை. பதிலுக்கு ஒரு அகலத் தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிச் சாமான் அறைத் தரையில் வைத்தார். சுரங்கம் வருகிறதா என்று உள்ளே இருப்பவர்கள் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம், மண்ணுக்கு அடியில் கடப்பாரை விழுந்தால் மேலே தண்ணீரில் வளையம் வரும். சில கோட்டைகளில் முரசைத் தரையில் வைத்து அதன் தோல்மேல் பயறு போட்டுப் பார்ப்பார்களாம், பயறு துள்ளினால் எதிரி வந்துவிட்டான். எங்களிடம் முரசு இல்லை. நான் பொத்தான் தைப்பதை அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பள்ளிக்கூடத்தை விட்டதற்கு உருப்படியாக ஒரு உத்தியோகம் கிடைத்ததே என்று அம்மா கிண்டல் செய்தாள். அண்ணா, அம்மாவின் கிண்டல் அன்றைக்கே நின்றுவிட்டது. தும் என்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் தண்ணீரில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு வளையம் ஓடியது. மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தோம். எனக்கு உண்மையிலேயே உள்ளங்கால் கூசியது, தரைக்கு அடியில் யாரோ நடக்கிற மாதிரி.

அடுத்தது என்னை உளவு பார்க்க அனுப்பினார்கள். ஊசி கடன் கேட்கப் போக வேண்டும், கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தாலே கேட்க வாய் வராது. சித்தி கதவைத் திறந்து, "என்னடி வேணும்" என்றதும் ஊசி என்ற சொல்லே வரவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். அறைக்குள் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று படுக்கை விரிப்பால் மூடி நின்றது, அடியில் அந்த மரக்கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சித்தி கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டு, "தளபதி அனுப்பிச்சாரா" என்று கேட்டாள். தெருவில் அப்பாவுக்கு அந்தப் பெயர் உண்டு என்பது உனக்குத் தெரியும், முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நான் ஓடி வந்துவிட்டேன். பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். கல் எறிகிற கவண் பொறியாக இருக்குமோ என்று அம்மா கேட்டாள், அதற்கு அவர் சிரிக்கவில்லை. தளபதி என்று அவள் எந்தத் தொனியில் சொன்னாள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

திட்டிவாசலை மறித்து அலமாரியை நகர்த்தி வைத்தார். பிறகு எதிர்ச்சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார். வெளியிலிருந்து சுரங்கம் வந்தால் உள்ளே இருப்பவர்கள் அதற்கு எதிராக ஒன்று தோண்டிப் போய் வழியிலேயே மடக்குவார்களாம். சாமான் அறையில், நடுச்சுவரும் கோட்டைச் சுவரும் சேர்கிற மூலையில், பெரிய டிரங்குப் பெட்டிக்கு அடியில் தோண்டினார். விடுமுறை நாட்களிலும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த பிறகும் தோண்டினார். சுவர் ஓரத்தில் யார் தோண்டினாலும் வெளியேற்ற வேண்டிய காவலரே தோண்டுகிறார் என்பதை அம்மா எடுத்துச் சொன்னாள், தற்காப்புக்குத் தோண்டுவது தோண்டுவதில் சேராது என்றார். மண்ணை என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கும் அவரிடம் வழி இருந்தது, காலையில் வேலைக்குப் போகும்போது பையில் கொண்டுபோய் வறண்டு கிடக்கும் அகழியில் தூவிவிட்டு வந்தார். "அகழியைத் தூர்க்கிறது எதிரியோட வேலைன்னு சொல்லுவீங்களே, அதையும் நீங்களே பாக்கிறீங்களா" என்று அம்மா கேட்டாள். அன்று அவர் சாப்பிடாமல் போய்விட்டார்.

தோண்டத் தோண்ட அவருக்குச் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. நாங்கள் தோண்டும்போது அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிடும். அவன் காது கொடுத்துக் கேட்கிறான் என்பார் அப்பா. நாங்கள் நிறுத்தினால் அங்கே நடுச்சுவரின் மேலேயே டொக் டொக் என்று யாரோ தட்டுவார்கள். இன்னும் மரக்கட்டைகள் வந்தன, இம்முறை நீளமானவை. முட்டுக்கொடுக்கிறான், முடியப் போகிறது, அடுத்தது தீதான் என்று அப்பா அடுப்புப் புகைக்கெல்லாம் மூக்கை நீட்டினார். சாமான் அறையில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்தார். நீ ஊரில் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று அம்மா சொல்கிறாள். இருந்திருந்தால் உன்னையும் தோண்ட வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா குழிக்குள் இடுப்பளவு இறங்கி நடுச்சுவருக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார், வெற்றிடம் தட்டுப்படுகிறதா என்று. வெற்றிடம் எதுவும் தட்டுப்படவில்லை, அவர் மண்ணை எடுத்த இடத்தைத் தவிர. தட்டில் இருந்த தண்ணீர் வளையம் வளையமாக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிவதைப் பார்த்து நான் அப்பா என்று கத்துவதற்குள் நடுச்சுவரின் கீழ் வரிசைக் கற்கள் சரிந்து அவர் கையின் மேல் உட்கார்ந்தன, கோட்டைச் சுவரின் முகப்பிலிருந்தும் சில கற்கள் பெயர்ந்து விழுந்தன. அறை முழுக்கப் புழுதி. அம்மா கல்லைப் பிடித்து இழுக்கிறாள், அசையவில்லை. அப்போது திட்டிவாசலில் முட்டுகிற சத்தம், அலமாரி ஆடியது, இன்னும் ஒரு முட்டு, அலமாரி அப்படியே முகம் குப்புற விழுந்தது, சித்தப்பா கடப்பாரையோடு அதன் மேல் ஏறி வந்தார். குழியைப் பார்த்து, "அண்ணே, இங்க என்ன பண்றே நீ" என்றார். அப்பா கல்லுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, "நீ அங்க என்னடா பண்றே" என்றார். அந்த நேரத்தில் அதற்குச் சிரிக்க முடியவில்லை, அதன் பிறகு அம்மாவும் நானும் நினைத்து நினைத்துச் சிரித்துவிட்டோம்.

சித்தப்பா அங்கே பண்ணிக்கொண்டிருந்தது காகிதத் தட்டு. கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டதிலிருந்து அவருக்கு வேலை இல்லை என்பதே நமக்குத் தெரியாது, நமக்குச் சொல்லவில்லை. பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டுக்குள்ளேயே தட்டு அழுத்தித் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துவந்தார்கள். தும் என்ற சத்தம் அதுதான், சித்தி சுமந்த மூட்டை வெட்டிய காகிதக் கழிவு, முதலில் வந்த கட்டைகள் இயந்திரத்துக்கு மேடை. சுவர் ஓரத்தில் இயந்திரம் ஓட்டக் கூடாது, அண்ணன்தான் காவலர், தெரிந்தால் அலுவலகத்தில் சொல்லிவிடுவார் என்று பயந்து கதவைத் தாழ் போட்டிருக்கிறார்கள். பிற்பாடு அவர்கள் பக்கம் நடுச்சுவரில் பூச்சு உதிர ஆரம்பித்ததாம், அடியிலிருந்து சுரண்டுகிற சத்தமும் கேட்டதாம். பெருச்சாளி என்று சித்தி சொன்னாளாம், அண்ணன் நம்மைக் கிளப்பப் பார்க்கிறார் என்று சித்தப்பா சொன்னாராம். அதற்குப் பயந்து சுவருக்கு முட்டுக்கொடுக்கக் கொண்டுவந்தவைதான் அந்த நீளக் கட்டைகள். அவை மட்டும் இல்லாவிட்டால் சுவர் முழுவதுமாக அப்பாவின் தலையில் வந்திருக்கும்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வந்தார். பெயர்ந்த கற்களைப் பார்த்தார், மண் சரிந்து பாதி மூடிய குழியைப் பார்த்தார், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் என்னைப் பார்த்து, "இங்க யார்மா தோண்டினது" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பின்னாலிருந்து சித்தப்பா, "யாரும் தோண்டலை சார், என் மெஷின் அதிர்வுல மண் உள்வாங்கிடுச்சு" என்று சொல்லி, விரிப்பை எடுத்து இயந்திரத்தைக் காட்டிவிட்டார். இன்ஜினியர் அதற்கு அங்கேயே முத்திரை வைத்தார், வீட்டைக் காலி செய்வது பற்றி வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே வந்து அப்பா நிறுத்திவிட்டார். இப்போது உன்னிடம் அவர் கேட்க விரும்புவது இதுதான், இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. அவன் ஏன் அப்படிச் சொன்னான்? அவனுக்கு என்ன வேண்டும்? பாசம் என்று அம்மா சொல்கிறாள். பாசமாக இருந்தால் வேலை போனதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அப்பா கேட்கிறார். சுரங்கம் பலிக்காதபோது கடைசி ஆயுதம் பட்டினி போடுவதுதான், எதிரி வெளியே கூடாரம் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான், உள்ளே இருப்பவன் தானாகவே தளர்ந்து சாவியைக் கொண்டுவந்து கொடுப்பான். இவன் பழியை ஏற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான், ஆயுசு முழுக்க நான் இவன் முன்னால் தலை குனிந்து நடக்க வேண்டும், அதுதான் திட்டம் என்கிறார். சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். சட்டையில் கட்டுப் போட்ட கையை நுழைக்க அம்மாவைக் கூப்பிடுகிறார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அவள் கேட்கிறாள். "உள்ளயே கெடந்து சாகறதுக்கு, கதவைத் திறந்துக்கிட்டு நானே வெளியில இறங்கிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

அண்ணா, மீதியை எழுத நான்கு நாள் ஆகிவிட்டது. அப்பா அன்றைக்கு நேராக அலுவலகத்துக்குப் போய், குழி என்னுடையது, என் தம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவன் வைத்த கட்டைதான் சுவரைத் தாங்கியது என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார். எதற்காகத் தோண்டினீர்கள் என்று கேட்டதற்கு எதிர்ச்சுரங்கம் என்றாராம். இன்ஜினியர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாராம். முடிவு வந்துவிட்டது. வீடு போகவில்லை, இரண்டு பேருக்கும். காவலர் வேலை போய்விட்டது. வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், சம்பளம் குறைவு. சித்தப்பாவின் இயந்திரத்தைச் சுவரை விட்டுத் தள்ளித் தெருப்பக்க அறையில் வைத்துக்கொள்ளலாமாம். குழியை நம் வீட்டார் செலவிலேயே மூட வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரே கோபம், "மனுஷன் ஒரு நல்லது செஞ்சாக்கூடப் பொறுக்காதா உனக்கு" என்று தெருவே கேட்கக் கத்தினார். நல்லதா, என்ன நல்லது, எதற்கு நல்லது என்று அப்பா திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் இப்போது சேர்ந்துதான் குழியை மூடுகிறார்கள், அப்பா ஒரு கையால் மண்ணைத் தள்ளுகிறார், சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு திம்மிசுக் கட்டையால் அதை இடித்து இறுக்குகிறார், ஒவ்வொரு கூடைக்கும் சண்டை. அலமாரி உடைந்துவிட்டதால் திட்டிவாசலை மறிக்க எதுவும் இல்லை. சித்தி அதன் வழியாகவே வருகிறாள், நேற்று எனக்கு ஒரு பொட்டலம் ஊசி கொண்டுவந்து கொடுத்து, இந்தா, இனிமேல் கேட்கத் தெரியாமல் நிற்காதே என்றாள்.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா படுத்திருந்தார், தூக்கம் வரவில்லை. தண்ணீர்த் தட்டைச் சாமான் அறையிலிருந்து கொண்டுவந்து வைக்க முன்பே சொல்லியிருந்தார், அது கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, இயந்திரம் தெருப்பக்கம் போய்விட்டதால் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஏன் அசையவே மாட்டேங்குது, என்ன பண்றான் பாரு" என்றார். நான் தட்டை வழியாமல் தூக்கிக்கொண்டுபோய்த் திட்டிவாசல் படியில் வைத்தேன். மெல்லியதாக ஒரு வளையம் வந்தது, அடுத்து இன்னொன்று. அப்பா தலையைத் தூக்கிப் பார்த்து, "ம், இருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

எழுந்ததும் முடிக்கச் சொன்னார், முடிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம், அறையில் கூட இருக்கிறவனை முழுக்க நம்பிவிடக் கூடாதாம், முழுக்கச் சந்தேகிக்கவும் கூடாதாம், இரண்டாவதை அம்மா சேர்க்கச் சொன்னாள். நீ நீண்ட ஆயுளோடு நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறார்கள். ஒன்றை மறந்துவிடாதே, சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட வேண்டும், அதில் என்ன எழுதினாய் என்று அப்பாவுக்கும் எழுத வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
(இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலாக இருப்பதைப் பார்த்து வேறு யாரோ போட்டது என்று நினைக்காதே)
எழுதியது தங்கை